மீன் கூண்டுக்கு அடியில் மூச்சுத்திணறும் சேறு

கடலில் மிதக்கும் மீன் வளர்ப்புக் கூண்டுகளை மேலிருந்து பார்த்தால் வட்ட வட்டமாக வலைகளும் துள்ளும் மீன்களும்தான் தெரியும். நேர் கீழே முக்குளித்துப் போனால் சில இடங்களில் வேறு காட்சி: கன்னங்கரேலென்று சேறு, அதன்மேல் பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோல வெள்ளைப் படலம். பார்க்கப் பூஞ்சை மாதிரி இருந்தாலும் அது பெக்கியாட்டோவா என்ற பாக்டீரியா. அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் அதற்குச் சாப்பாடு. தின்றதில் மிஞ்சும் கந்தகத்தைத் துகள்களாக உடலுக்குள் சேர்த்துவைப்பதால்தான் அந்த வெண்மை.

நல்ல கடலடிச் சேற்றில் இந்த வாயு எங்கிருந்து வந்தது?

மேலே கொட்டும் தீவனத்தில் கொஞ்சம் மீனின் வாய்க்குத் தப்பிவிடும். தின்றதிலும் ஒரு பகுதி கழிவாகத்தான் வெளியே வரும். இரண்டும் மூழ்கும். கழிவு நொடிக்கு 3 சென்டிமீட்டர் வேகத்தில் இறங்குகிறது, ஆழம் 30 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தரை தொட 1000 நொடி, அதாவது கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். நீரோட்டம் நொடிக்கு 5 சென்டிமீட்டர் என்றால் அதற்குள் 50 மீட்டர்தான் தள்ளிப் போயிருக்கும். பாதிப்பு பெரும்பாலும் கூண்டைச் சுற்றியே குவிவதற்கு இந்தச் சின்னக் கணக்கே காரணம்.

சேற்றில் ஆக்சிஜன் மேலே சில மில்லிமீட்டர் வரைதான் தானாக இறங்கும். அதற்குக் கீழே காற்றோட்டம் கொடுப்பவை வளை தோண்டி நீரை உள்ளிழுக்கும் புழுக்களும் சிப்பிகளும். கழிவு மழை ஓயாமல் பெய்தால், அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் இருக்கிற ஆக்சிஜனை எல்லாம் தீர்த்துவிடுகின்றன. அடுத்து, கடல்நீரில் தாராளமாக உள்ள சல்ஃபேட்டைப் பயன்படுத்தும் பாக்டீரியாக்களின் முறை. அவை வெளிவிடுவதுதான் ஹைட்ரஜன் சல்ஃபைடு. சயனைடு போலவே இதுவும் உயிரணுக்களின் சுவாசத்தை முடக்கும். வளை தோண்டிகள் முதலில் சாக, சேற்றுக்கு வந்த காற்றும் நின்றுபோகிறது. கேடு தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் இடம் இதுதான்.

ஆனால் கூண்டின் அடி வெறிச்சோடிவிடுவதில்லை. கேபிடெல்லா என்ற சிவந்த, நூல் போன்ற புழு இங்கே கொண்டாட்டமாக வாழ்கிறது; சதுர மீட்டருக்குப் பல்லாயிரம்கூட இருக்கும். வகைகள் சுருங்கி, ஒன்றிரண்டின் எண்ணிக்கை மட்டும் பெருகும். கொஞ்சம் விலகிய விளிம்பிலோ, அளவான உணவு கிடைப்பதால் வழக்கத்தைவிட அதிக வகைகள் தென்படலாம். இந்த வரிசையை 1978-லேயே பியர்சன், ரோசன்பர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விளக்கிவிட்டார்கள். புழுக்களின் எண்ணிக்கையை மட்டும் காட்டி ‘கடலடி செழிப்பாக இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். எத்தனை வகை என்றுதான் கேட்பேன்.

நார்வேயின் கண்காணிப்பு முறையில் சேற்றை அள்ளியெடுத்து அமிலத்தன்மை எல்லாம் அளப்பதோடு நிறத்துக்கும் நாற்றத்துக்கும்கூட மதிப்பெண் போடுகிறார்கள். மோந்து பார்ப்பது அங்கே முறையான அறிவியல்!

கழிவு மட்டுமே பிரச்சினை என்றும் சொல்ல முடியாது. வலையில் பாசியும் சிப்பியும் படியாமலிருக்கப் பூசும் தாமிரம் சேற்றில் சேர்கிறது. சால்மன் மீனின் உடலில் ஒட்டி வாழும் கடல் பேன், இறால், நண்டு எல்லாம் ஒரே ஓட்டுடலிக் கூட்டம். ஆகவே பேனுக்குத் தீவனத்தில் கலந்து கொடுக்கும் எமாமெக்டின் மருந்து, கழிவோடு கீழே போய் மற்ற ஓட்டுடலிகளையும் தாக்கக்கூடும்.

வயலைத் தரிசு போடுவதுபோல, அறுவடைக்குப் பின் கூண்டுகளைச் சில மாதங்கள் காலியாக விடுவது பரவலான வழக்கம். கழிவு வரத்து நின்றதும் சேற்றின் வேதியியல் ஓரளவு சீக்கிரம் தேறும். பழைய உயிர்கள் திரும்ப ஆண்டுக்கணக்கில் ஆகலாம். நீரோட்டம் வலுத்த இடத்துக்குக் கூண்டை மாற்றினால் குவியல் மெலியும். கழிவின் மொத்த அளவு என்னவோ அப்படியேதான் இருக்கும்.

கடற்புல் படுகைக்கு மேல் கூண்டு போட்டால் இந்தத் தரிசுக் கணக்கும் உதவாது. மத்தியதரைக் கடலின் போசிடோனியா புல் ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர்தான் படர்கிறது. ஸ்பெயினின் மெனோர்காத் தீவின் ஃபோர்னெல்ஸ் விரிகுடாவில் பண்ணை நின்ற பிறகும் அந்தப் புல் தொடர்ந்து அழிந்துகொண்டே போனதை 1999-ல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது.