“இன்னைக்குச் சத்தமே வரலையே, டாக்டர்?”

சிகிச்சை முடிந்து நான் கையை எடுத்ததும், மேசையில் படுத்திருப்பவர் கண்ணைத் திறந்து கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். போன தடவை ‘டக்’கென்று நெட்டி முறிந்தது, இன்றைக்கு இல்லை. அப்படியென்றால் வேலை முடியவில்லையோ என்று சந்தேகம். மைக்கைக் கழுத்துக்குப் பக்கத்தில் வைத்து எடுத்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு, கழுத்து, முதுகு மூட்டுகளைக் கையால் அசைத்துச் சரிசெய்யும் என் கைரோபிராக்டிக் சிகிச்சை சத்தமில்லாமல் முடிந்தால் உப்பில்லாத சாப்பாடு மாதிரி.

அந்தச் சத்தம் எலும்போடு எலும்பு உரசுவதால் வருவதில்லை. ‘விலகிய எலும்பு’ தன் இடத்தில் போய் உட்காருவதாலும் வருவதில்லை. மூட்டுக்குள் கொஞ்சம் திரவம் இருக்கிறது. மூட்டின் இரண்டு பரப்புகளும் சட்டென்று பிரியும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, ஒரு வாயுக் குமிழ் உருவாகிறது. 2015-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரல் மூட்டை எம்ஆர்ஐ ஸ்கேனுக்குள் வைத்து இழுத்து, அந்தக் குமிழ் தோன்றும் கணத்தைப் படமே பிடித்துவிட்டார்கள். ஒரு விரலில் நெட்டி முறித்தால், அதே விரலில் மறுபடி சத்தம் வர ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகும். கழுத்திலும் விஷயம் இதேதான். சத்தம் வந்ததா என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. வரும்போது வலது பக்கம் திரும்ப முடியாமல் இருந்தவர், போகும்போது திரும்ப முடிகிறதா என்று பார்ப்பேன்.

திரும்ப முடிந்தாலும் அது பாதி வேலைதான். இறுகிக் கிடந்த மூட்டுக்கு அசைவு வருகிறது, சுற்றியுள்ள தசை தளர்கிறது, வலி சில மணி நேரமோ சில நாளோ குறைகிறது. அந்த நேரத்துக்குள் அவர் கழுத்தை வேறு விதமாகப் பழக்கத் தொடங்கவில்லை என்றால், அடுத்த வாரம் அதே மேசையில், அதே பக்கத்து வலியோடு படுத்திருப்பார். எனக்கு வருமானம், அவருக்கு அலைச்சல்.

சரி, கழுத்தில் என்னதான் நடக்கிறது? நம் தலையின் எடை சுமார் 4.5 முதல் 5.5 கிலோ. அதை ஏழு சின்ன எலும்புகளும் அவற்றைச் சுற்றியுள்ள தசைகளும் சுமக்கின்றன. நியூயார்க்கைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் கணினி மாதிரி ஒன்றை வைத்துக் கணக்குப் போட்டார். தலை 15 டிகிரி குனிந்தால் கழுத்தின் மேல் விழும் சுமை 12 கிலோ, 30 டிகிரியில் 18, 45-ல் 22, 60-ல் 27. இந்த 27 கிலோவை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். ஏழெட்டு வயதுக் குழந்தையைத் தோளில் ஏற்றிவைத்திருக்கும் படத்தோடு வலம் வருகிறது. எங்கள் தொழிலில் பலர் இதை வைத்தே பயமுறுத்துகிறார்கள். அது கணினியில் போட்ட கணக்கு, உயிருள்ள கழுத்தில் அளந்ததில்லை. தவிர, குனிவது கழுத்துக்கு இயல்பான வேலை. ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மாடியேறினால் ஒன்றும் ஆகாது. அதே வாளியை அரை மணி நேரம் அசையாமல் தூக்கிப் பிடித்தபடி நில்லுங்கள் என்றால் தோள் கெஞ்சும். கழுத்தின் பிரச்சினையும் குனிவதைவிட, குனிந்தபடியே அசையாமல் கிடப்பதில்தான் அதிகம்.

தலை முன்னால் தள்ளியிருந்தாலும் கண் நேராகப் பார்த்தாக வேண்டும். அதற்காக மண்டையோட்டின் அடியில், பிடரியில் இருக்கும் குட்டிக் குட்டித் தசைகள் முகத்தை மேலே தூக்கிப் பிடிக்கின்றன. மாலையில் பிடரியில் தொடங்கிக் கண்ணுக்குப் பின்னால் வந்து நிற்கும் தலைவலி பலருக்கு இங்கிருந்துதான் கிளம்புகிறது. கழுத்தின் பக்கவாட்டிலிருந்து தோள்பட்டை எலும்பின் உள்பக்க மேல்மூலைக்கு இறங்கும் தசை ஒன்று உண்டு. “எங்கே வலிக்கிறது?” என்று கேட்டதும் எல்லோரும் எதிர்க்கையைக் கொண்டுவந்து கட்டைவிரல் அளவுக்கு ஓர் இடத்தை அழுத்திக் காட்டுவார்களே, அதுதான். இவை இரண்டும் ஓயாமல் உழைக்க, கழுத்தின் முன்பக்கம் எலும்பை ஒட்டி ஆழத்தில் இருக்கும் தசைகளுக்கு வேலை இல்லாமல் போகிறது. நாளாக ஆக அவை வலுவிழக்கின்றன.

இதைச் சொல்லும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தலை முன்னால் தள்ளியிருக்கும் எல்லோருக்கும் வலிப்பதில்லை. ‘கழுத்தின் வளைவு குறைந்துவிட்டது’ என்று எழுதிய எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு முகம் வெளிறிப்போய் வருகிறார்கள். வலியே இல்லாத ஆட்களை எடுத்த எக்ஸ்ரேக்களிலும் அதே வளைவுக் குறைவைப் பார்க்கலாம். படத்தில் இருப்பது உங்கள் எலும்பு, உங்கள் வலி அதில் பதிவாகியிருக்காது.

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். ஐம்பது வயதை ஒட்டிய ஒரு பெண், கணக்கு வேலை பார்ப்பவர். பிடரி வலி, தலைவலி. கழுத்தின் மேல் மூட்டுகள் இறுகியிருந்தன. சரிசெய்தேன், உடனே லேசானது. லேப்டாப்பைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி வையுங்கள், தனி கீபோர்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லும் பாடத்தைச் சொல்லி அனுப்பினேன். மூன்று நாளில் திரும்பி வந்தார். மறுபடி சரிசெய்தேன். அடுத்த வாரம் மறுபடி வந்தார். இந்த முறை வலி முன்பைவிட அதிகம். “நீங்க சொன்ன மாதிரி தடிப் புத்தகமா நாலு அடுக்கி மேல வச்சிருக்கேன் டாக்டர்” என்றார்.

அடுத்த தடவை லேப்டாப்பையே கொண்டுவரச் சொன்னேன். என் மேசையில் அதே உயரத்துக்கு அடுக்கிவைத்து, வழக்கம்போல வேலை பார்க்கச் சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் நின்றேன். முதல் ஐந்து நிமிடம் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார், நான் பார்க்கிறேன் என்பதால். அப்புறம் எண்களில் மூழ்கிவிட்டார். முகவாய் மெல்ல மேலே ஏறியது. அரை அங்குலம், இன்னும் கொஞ்சம். கழுத்து முன்னால் நீண்டது. பிடரியில் ஒரு மடிப்பு விழுந்தது. மூக்கின் மேல் இருந்த கண்ணாடியை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸ், கோடு தெரியாத புரோக்ரெசிவ் வகை. கிட்டத்தில் படிக்கும் பகுதி அதில் கீழே இருக்கும். திரை மேலே போனதும், எண் தெளிவாகத் தெரிய அவர் முகவாயைத் தூக்கிக் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க வேண்டியிருந்தது. நாள் முழுக்க. நான் சொன்ன யோசனையே அவர் பிடரியைக் கசக்கிக்கொண்டிருந்தது.

இரண்டு புத்தகங்களை எடுத்தோம். திரையைக் கொஞ்சம் பின்பக்கமாகச் சாய்த்தோம். கணினிக்கென்று தனியாக ஒரு கண்ணாடி போட முடியுமா என்று கண் மருத்துவரிடம் கேட்கச் சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டே முறைதான் வந்தார். ‘கண் மட்டத்தில் திரை’ என்பது கண்ணாடி போடாதவர்களுக்கும் ஒற்றைப் பவர் லென்ஸ்காரர்களுக்கும்தான் பொருந்தும் என்று அன்றிலிருந்து சேர்த்தே சொல்கிறேன். அவர்களுக்குத் திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில், தூரம் கையை நீட்டினால் தொடும் அளவு. புரோக்ரெசிவ் போட்டவர்களுக்குத் திரை இன்னும் தாழ்வாக, முகவாய் தூக்காமல் படிக்க முடியும் உயரத்தில்.

கைரோபிராக்டிக் முறையைத் தொடங்கியவர் டேனியல் டேவிட் பால்மர். 1895-ல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊரில். முதல் நோயாளியான ஹார்வி லில்லார்டின் முதுகெலும்பைச் சரிசெய்ததும் மங்கியிருந்த காது கேட்கத் தொடங்கிவிட்டது என்று பால்மர் சொன்னார். அந்தக் கதையை நான் யாரிடமும் பெருமையாகச் சொல்வதில்லை. கழுத்தைத் தொட்டுச் சர்க்கரை, தைராய்டு, காது எல்லாவற்றையும் குணப்படுத்துகிறேன் என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அமெரிக்காவில் 272 பேரை வைத்து நடந்து 2012-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், புதிதாக வந்த கழுத்து வலிக்கு மாத்திரையைவிடக் கையால் செய்யும் முதுகெலும்புச் சிகிச்சை நன்றாக வேலை செய்தது. அதே ஆய்வில், வீட்டில் செய்யும் எளிய பயிற்சியும் கைச் சிகிச்சைக்குக் கிட்டத்தட்டச் சமமாக நின்றது. தொழில் செய்பவனாக இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான். ஆனால் நாற்பது அமர்வுக்கு முன்பணம் கட்டச் சொல்பவர்களைப் பார்க்கும்போது சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாலைந்து அமர்வில் முன்னேற்றம் தெரியவில்லை என்றால் நான் திட்டத்தை மாற்றுவேன், இல்லையென்றால் வேறு மருத்துவரிடம் அனுப்புவேன்.

யாரிடம் போனாலும், அவர் கழுத்தைத் தொடுவதற்கு முன் எவ்வளவு நேரம் கேள்வி கேட்கிறார் என்று கவனியுங்கள். கழுத்து எலும்புகளின் பக்கவாட்டுத் துளைகள் வழியாகத்தான் மூளைக்குப் போகும் இரண்டு ரத்தக் குழாய்கள் மேலேறுகின்றன. அவற்றின் உள்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். இது அரிது. ஆனால் குழாய் ஏற்கெனவே கிழியத் தொடங்கி, அந்த வலியையே சாதாரணக் கழுத்துப் பிடிப்பு என்று நினைத்து வருபவர்களும் உண்டு. இதுவரை வந்தே இராத மாதிரியான கடும் கழுத்து வலியோ தலைவலியோ திடீரென்று வந்தால், அதோடு தலைசுற்றல், இரட்டையாகத் தெரிதல், பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம், முகம் மரத்துப்போதல், நடை தள்ளாடல் இவற்றில் எது சேர்ந்தாலும் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். என் மாதிரி ஆட்களிடம் வர வேண்டாம். சட்டைப் பொத்தான் போட முடியாமல் விரல் தடுமாறுவது, கையில் வலு குறைந்துகொண்டே போவது, விபத்துக்குப் பிறகு வந்த வலி, காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ சேர்ந்த வலி, முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக வந்த வலி ஆகியவற்றையும் முதலில் மருத்துவர் பார்க்க வேண்டும். எலும்பு மெலிவோ, மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதமோ உள்ளவர்கள் அதை முதல் வார்த்தையாகவே சொல்லிவிடுங்கள். அவர்களின் கழுத்தில் நான் சட்டென்று திருப்பும் முறையைக் கையாள்வதில்லை. கைரோபிராக்டர் பயிற்சிக்கு உலக சுகாதார நிறுவனம் 2005-ல் வெளியிட்ட வழிகாட்டி, முழுப் படிப்புக்குக் குறைந்தது 4,200 மணி நேரம் வேண்டும் என்கிறது. எங்கே படித்தீர்கள் என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் அதுவே பதில்.

தானே கழுத்தைத் திருகி நெட்டி எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் எடுக்கும்போது சத்தம் வருவது பெரும்பாலும் ஏற்கெனவே நன்றாக அசையும் மூட்டிலிருந்து. இறுகிய மூட்டு இறுகியபடியேதான் இருக்கும்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. நான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கும் முதல் பயிற்சி முகவாயை உள்ளிழுப்பது. நேராக உட்காருங்கள், பார்வை எதிரே. முகத்தைக் குனியாமல், தூக்காமல், தலையை அப்படியே பின்னால் நகர்த்துங்கள், யாரோ முகத்துக்கு மிக அருகில் வந்து பேசும்போது பின்வாங்குவோமே, அது மாதிரி. தாடைக்குக் கீழே சதை மடியும், அழகாக இருக்காது, பரவாயில்லை. ஐந்து நொடி பிடித்து விடுங்கள். ஆறு முதல் எட்டு முறை. இதை ஒரே மூச்சாக ஐம்பது தடவை செய்வதைவிட, நாளில் ஐந்தாறு வேளை கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வது நல்லது. செய்யும்போது கைக்கு வலி இறங்கினால் நிறுத்திவிட்டு வந்து காட்டுங்கள். எல்லோரும் செய்யும் தவறு, முகவாயை நெஞ்சை நோக்கி அமுக்குவது. இன்னொன்று, பல்லைக் கடித்துக்கொண்டு முழு பலத்தையும் போடுவது. மல்லாந்து படுத்து, ‘ஆமாம்’ என்று சொல்வது போல மிகச் சின்னதாகத் தலையை ஆட்டிப் பிடித்துப் பாருங்கள். காதுக்குப் பின்னாலிருந்து காறை எலும்புக்கு இறங்கும் கயிறு மாதிரியான தசை கைக்கு மெத்தென்று இருந்தால் ஆழத்தில் உள்ள தசை வேலை செய்கிறது. கயிறு விறைத்தால் பலம் அதிகம், குறையுங்கள்.

செல்போனைக் கண் உயரத்துக்குத் தூக்குங்கள் என்று சொன்னால் யாரும் இரண்டு நிமிடத்துக்கு மேல் செய்வதில்லை, கை வலிக்கும். அதனால் முழங்கையை விலாவோடு ஒட்டி, இன்னொரு கையை அதற்கு அடியில் முட்டுக் கொடுங்கள். செல்போன் நெஞ்சு உயரத்துக்கு வந்துவிடும், மீதித் தூரத்துக்குத் தலையைக் குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்தினால் போதும். சோபாவின் கைப்பிடியில் தலையை முட்டுக்கொடுத்துப் படுத்தபடி படம் பார்ப்பதுதான் நான் பார்த்தவற்றில் மோசமானது. முகவாய் நெஞ்சில் இடிக்கும், அப்படியே தூங்கியும் போவார்கள்.

வேலை நேரத்தில் அரை மணிக்கு ஒரு முறை எழுந்திருங்கள். நிமிர்ந்து விறைப்பாகவே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. விறைப்பாக அசையாமல் இருந்தாலும் வலிக்கும். கழுத்துப் பட்டையை மருத்துவர் சொன்ன நாளுக்கு மேல் போடாதீர்கள், தசை சோம்பேறியாகும்.

தலையணை பற்றிக் கேட்காதவர் இல்லை. ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளின் வெளிவிளிம்பிலிருந்து காது வரை உள்ள இடைவெளியை அது நிரப்ப வேண்டும், அகன்ற தோள் என்றால் உயரமான தலையணை. மல்லாந்து படுப்பவருக்கு மெல்லியது போதும். குப்புறப் படுப்பவர்கள் இரவு முழுக்கக் கழுத்தை ஒரே பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்கள். அதற்கேற்ற தலையணையை நான் இன்னும் பார்க்கவில்லை.

இதெல்லாம் செய்து மூன்று வாரம் ஆகியும் வலி குறையவில்லை என்றால் வாருங்கள். பழைய எக்ஸ்ரேயை மறந்துவிட்டு வந்தாலும் பரவாயில்லை. வேலைக்குப் போட்டுக்கொள்ளும் கண்ணாடியையும் லேப்டாப்பையும் மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு வாருங்கள்.