கணினி உங்கள் நகர்வைப் பார்த்ததா?

இங்கிலாந்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வாரநாள் மாலைகளில் வேலை முடிந்ததும் தன் ஊர் கிளப்புக்காக செஸ் லீக் ஆடுகிறவர். வெள்ளைக் காய்களுடன் ஆடிய ஓர் ஆட்டத்தில், ஆறாவது நகர்விலேயே சும்மா கிடைத்த சிப்பாய் ஒன்றை எடுத்தாராம். அடுத்த சில நகர்வுகளில் ஒரு குதிரை போய்விட்டது. வீட்டுக்கு வந்து ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் எஞ்சினில், அதாவது செஸ் ஆடும் கணினி நிரலில், ஆட்டத்தைப் போட்டால், அது காட்டிய நல்ல நகர்வுகளில் இவருடையது இல்லவே இல்லை. அதுவும் ஒரு நொடிக்குள். “என் நகர்வை அது உண்மையிலேயே பார்த்ததா?” என்று கேட்கிறார்.

பார்த்தது. ஆனால் அரைகுறையாகத்தான் பார்த்தது. அப்படிப் பார்ப்பதில்தான் அதன் கெட்டிக்காரத்தனமே இருக்கிறது.

முதலில் அந்த நிலையைச் சொல்லிவிடுகிறேன். ராணிச் சிப்பாய்த் திறப்பு. கறுப்பின் சிப்பாய் டி5 கட்டத்தில் நிற்கிறது. அதைக் காக்கும் எஃப்6 குதிரையை வெள்ளையின் ஜி5 பிஷப் ‘பின்’ செய்திருக்கிறது, அதாவது நகரவிடாமல் கட்டிப்போட்டிருக்கிறது. குதிரை நகர்ந்தால் டி8-இல் ராணி மாட்டும். அப்படியானால் டி5 சிப்பாய் இலவசம்தானே? வாசகர் குதிரையால் எடுத்தார். எதிராளி பின்னைச் சட்டை செய்யாமல் குதிரையால் குதிரையை எடுத்தார். இவர் பிஷப்பால் ராணியை எடுத்தார். அப்புறம் வந்தது பி4-இல் பிஷப் செக். ராஜாவுக்குப் போக இடமில்லை. குறுக்கே விழக்கூடிய ஒரே காய் ராணி. கறுப்பு அந்த ராணியை எடுக்க, ராஜா பிஷப்பை எடுக்க, கறுப்பு ராஜா டி8-இல் உள்ள பிஷப்பை எடுக்கிறது. கணக்குப் பார்த்தால் வெள்ளைக்கு ஒரு சிப்பாய் லாபம், ஒரு குதிரை நஷ்டம். 1848-இல் பெர்லினில் மாயெட் என்பவர் ஹார்விட்ஸிடம் விழுந்த அதே குழி. ‘யானைப் பொறி’ என்று பெயரே இருக்கிறது. ஆகவே வாசகர் வெட்கப்பட வேண்டியதில்லை.

சரி, எஞ்சின் இதை எப்படிக் கண்டது? ஒரு நிலையில் சராசரியாக 30 நகர்வுகள் என்று வையுங்கள். இரு தரப்புக்கும் மும்மூன்று நகர்வுகள், அதாவது ஆறு அரைநகர்வுகள் ஆழம் போனால் 30-இன் ஆறாம் அடுக்கு: 72 கோடியே 90 லட்சம் நிலைகள். எல்லாவற்றையும் பார்த்தால் கட்டுப்படியாகாது. இங்கேதான் ஆல்ஃபா-பீட்டா வெட்டல் வருகிறது.

வாடகைக்கு வீடு தேடுகிறீர்கள். கையில் சுமாரான வீடு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அடுத்த வீட்டுக்குப் போனதும் ‘தண்ணீர் வராது’ என்கிறார்கள். மொட்டை மாடி எப்படி, சமையலறை எப்படி என்று சுற்றிப் பார்ப்பீர்களா? எஞ்சினும் அப்படித்தான். சிப்பாயை இ3-க்குத் தள்ளினால் ஆட்டம் ஏறக்குறைய சமம் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. இப்போது குதிரையால் டி5 சிப்பாயைப் பிடிப்பதைச் சோதிக்கிறது. எதிராளியின் ஒரே ஒரு பதில் அதைச் சமத்துக்குக் கீழே இறக்கினால் போதும், அந்த நகர்வு முடிந்த கதை. எதிராளியின் மற்ற பதில்கள் இன்னும் மோசமானவையா, எவ்வளவு மோசம் என்பதெல்லாம் அதற்கு வேண்டாத விஷயம்.

ஒரு நுணுக்கம். எதிராளியின் முறையில் ஒரு நகர்வு போதும். நம் முறையில் அது போதாது. குதிரையைக் குதிரை எடுத்தபின் வெள்ளைக்கு 33 நகர்வுகள் இருக்கின்றன. அத்தனைக்கும் கறுப்பிடம் பதில் இருந்தால்தான் முறியடிப்பு முழுமை பெறும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பதில். ஆகவே பெருக்கல் 30×30×30×30×30×30 என்று போகாமல் 30×1×30×1×30×1 என்று போகிறது. அதாவது 27,000. ‘இந்த நகர்வு குறைந்தது இவ்வளவு தரும்’ என்று நிறுவ ஒரு 27,000, ‘வேறு எதுவும் இதைத் தாண்டாது’ என்று நிறுவ இன்னொரு 27,000. இரண்டிலும் பொதுவாக வரும் ஒன்றைக் கழித்தால் 53,999. கணினி அறிஞர்கள் நூத்தும் மூரும் 1975-இல் நிறுவிய கணக்கு இது. 73 கோடி எங்கே, 54 ஆயிரம் எங்கே! இத்தனைக்கும் கிடைக்கும் விடையில் இம்மியும் மாற்றமில்லை. எல்லாவற்றையும் பார்த்திருந்தால் எது வந்திருக்குமோ அதேதான் வரும். எனக்கு இது எத்தனை முறை படித்தாலும் சலிக்காத கணக்கு.

ஆனால் சரியான பதிலை முதலிலேயே சோதித்தால்தான் இந்த லாபம். அதற்காக எஞ்சின் ஆழம் 1, 2, 3 என்று மறுபடி மறுபடி முதலிலிருந்து தேடுகிறது. முந்தைய சுற்றில் ஜெயித்த நகர்வை அடுத்த சுற்றில் முதலில் எடுக்கிறது. ஓர் எளிய எஞ்சின் முதல் சுற்றுகளில் நம் வாசகரைப் போலவே ஏமாறும்: சிப்பாய் கிடைக்கிறது, ராணி கிடைக்கிறது, பிரமாதம்! பி4 செக் கண்ணில் படும் ஆழம் வந்ததும் தீர்ப்பு தலைகீழாகிறது.

வெட்டுவதை உத்தேசமாகவும் செய்யலாம். அமெரிக்காவில் கணினி அறிஞர்கள் கோட்டோக்கும் மக்கார்த்தியும் உருவாக்கிய செஸ் நிரல் ஆல்ஃபா-பீட்டாவோடு, ‘தேறும்’ என்று தோன்றிய சில நகர்வுகளை மட்டும் பார்த்தது. மாஸ்கோவில் கணித அறிஞர் குரோன்ரோடின் ஆய்வகத்து நிரல் எல்லாவற்றையும் பார்த்தது. 1966–67-இல் தந்தி வழியே இரண்டும் மோத, மாஸ்கோ 3–1 என்று வென்றது. அந்த மாஸ்கோ கணினி ஓர் இயற்பியல் நிறுவனத்தினுடையது. விளையாட்டுக்குக் கணினி நேரமா என்று அங்கே முணுமுணுப்பு இருந்தது. நம் ஊரில் இன்றைக்கும் ஆய்வு நிதி கேட்டால் ‘இதனால் என்ன பயன்?’ என்றுதான் முதல் கேள்வி வருகிறது. ஸ்டாக்ஃபிஷ் இன்று தன்னார்வலர்கள் இரவல் தரும் கணினிகளில் சோதிக்கப்பட்டு வளர்கிறது. அரசுகள் இதைப் பார்த்துக் கொஞ்சம் கூச்சப்படலாம் என்பது என் எண்ணம். இன்றைய ஸ்டாக்ஃபிஷும் உத்தேச வெட்டல்களைத் தாராளமாகச் செய்கிறது. ஆனால் ஆழம் கூடக் கூட, ஒதுக்கியதைத் திரும்பவும் எட்டிப் பார்க்கிறது.

வாசகருக்கு இதிலிருந்து கிடைப்பது ஒன்று உண்டு. ஒதுக்கிய நகர்வு எவ்வளவு மோசம் என்பது எஞ்சினுக்கே சரியாகத் தெரியாது. ‘இதைவிட நன்றாக இல்லை’ என்பதோடு அது நின்றுவிட்டது. எனவே பட்டியலை முறைத்துப் பார்ப்பதால் பயனில்லை. குதிரையை நீங்களே டி5-இல் வைத்து ஓடவிடுங்கள். அப்போதுதான் முழுக் கவனமும் அந்த நிலையில் விழும், பி4 செக்கும் திரையில் வரும். எஞ்சினைத் திறக்கும் முன் ஆட்டத்தின்போது என்ன நினைத்தீர்கள் என்பதை ஒரு வரி எழுதிவைப்பது இன்னும் நல்லது. ‘குதிரை பின்னில் இருக்கிறது, நகராது’ என்று எழுதியிருந்தால், தப்பு எங்கே என்று எஞ்சின் சொல்லாமலே தெரியும்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். வெள்ளையின் இ2 சிப்பாயை மட்டும் இ3-க்கு மாற்றி, அதே பிடித்தலைத் திரும்ப ஆடுங்கள். பி4 செக் வருகிறது. இம்முறை ராஜா இ2-க்கு நகர்ந்துவிடுகிறது, ராணி பிழைக்கிறது, வெள்ளை ஜெயிக்கிறது. அதனால்தான் ஆறாவது நகர்வாக வெள்ளை இ3 ஆடினால், கறுப்பு சி6 தள்ளி டி5-ஐத் தாங்குகிறது, அல்லது பிஷப்பை இ7-க்குக் கொண்டுவந்து பின்னை அவிழ்க்கிறது.