விலை குறைந்தால் வீரியமும் குறையுமா?

"சர்க்கரைக்கு எம்பாக்ளிஃப்ளோசின் சாப்பிடுகிறேன். ஒரு மாத்திரை அறுபது ரூபாய்க்கு வாங்கிக்கொண்டிருந்தேன், இப்போது மெடிக்கலில் வேறு கம்பெனி மாத்திரையைப் பத்து ரூபாய்க்குத் தருகிறார்கள். நம்பலாமா?" என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

விலை இறங்கியதில் மர்மம் ஒன்றுமில்லை. 2025 மார்ச்சில் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்தது, நம்மூர் கம்பெனிகள் வரிசையாக இறங்கிவிட்டன. காப்புரிமை 20 வருடம், அதுவும் விண்ணப்பித்த நாளிலிருந்து. சோதனைகளிலேயே அதில் பெரும்பகுதி கரைந்துவிடும், போட்ட பணத்தை மிச்ச வருடங்களில் எடுத்தாக வேண்டும். ஜெனரிக், அதாவது காப்புரிமை முடிந்தபின் அதே மருந்தை வேறு கம்பெனி செய்வது. அதைத் தயாரிப்பவர் ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் மறுபடி சோதிக்க வேண்டியதில்லை.

சரி, அதே மருந்துதான் என்று எப்படித் தெரியும்? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். ஆரோக்கியமான இருபது முப்பது பேரை அழைத்து, பாதிப் பேருக்கு ஒரிஜினல், மீதிப் பேருக்கு ஜெனரிக் கொடுத்து, குறித்த நேரங்களில் ரத்தம் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். ரத்தத்தில் மருந்து ஏறி, உச்சம் தொட்டு, இறங்குவதை வரைந்தால் ஒரு குன்று கிடைக்கும். அந்த மருந்து உடம்பைவிட்டு முழுசாகப் போனதும் மாத்திரையை மாற்றிக் கொடுத்து மறுபடி அதே வேலை. ஆக, ஒரே ஆளின் இரண்டு குன்றுகளை ஒப்பிடுகிறோம். குன்றின் உயரம் ரத்தத்தில் மருந்து தொட்ட உச்சம், பரப்பளவு ரத்தத்துக்குப் போன மொத்த மருந்தின் அளவுகோல். உயரத்திலும் சரி, பரப்பளவிலும் சரி, ஒரிஜினலோடு ஒப்பிட்டால் ஜெனரிக்கின் விகிதம் 80 முதல் 125 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதென்ன 125, 120 இல்லையா? நூற்றுக்கு எண்பதைத் திருப்பிப் போடுங்கள், எண்பதுக்கு நூறு, அதாவது 125 சதவீதம்! எதை எதோடு ஒப்பிட்டாலும் எல்லை ஒன்றுதான்.

உடனே "இருபது சதவீதம் மருந்தைக் குறைத்துப் போடலாமாம்" என்று வாட்ஸப்பில் கிளப்பிவிடுகிறார்கள். அப்படியில்லை. சராசரி மட்டும் உள்ளே இருந்தால் போதாது, ஆளுக்கு ஆள் மாறுவதால் கணக்கில் வரும் நிச்சயமின்மை இடைவெளி முழுவதும் அந்த எல்லைக்குள் அடங்க வேண்டும். சராசரியே 82 என்றால் இடைவெளியின் கீழ்முனை பெரும்பாலும் 80ஐ விட்டு இறங்கிவிடும், ஃபெயில். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1996 முதல் 2007 வரையிலான 2,070 ஆய்வுகளைப் பார்த்ததில், பரப்பளவில் சராசரி வித்தியாசம் சுமார் 3.5 சதவீதம்தான்.

விலை கூடினால்தான் நல்ல மருந்து என்பது வெறும் மூடநம்பிக்கை. ஆனால் நம் நாட்டில் என் குறை வேறு. சந்தைக்கு வந்து நான்கு வருடம் கடந்த மருந்துக்கு, 2017 வரை இந்தச் சோதனை இல்லாமலே மாநில லைசென்ஸ் வாங்க முடிந்தது. அதன்பிறகும், தண்ணீரில் எளிதில் கரையாத மருந்துகளுக்குத்தான் கட்டாயமாக்கினார்கள். எல்லாவற்றுக்கும் கட்டாயமாக்காமல், கடையில் விற்கும் அட்டையை அடிக்கடி எடுத்துச் சோதிக்க அரசு ஆய்வகங்களுக்குக் காசும் ஆளும் கொடுக்காமல், ஜெனரிக் வாங்குங்கள் என்று விளம்பரம் மட்டும் செய்தால் எப்படி?