டிப்ஸுக்குப் பாடினாலும் அது வேலைதான்

அமெரிக்காவில் கன்ட்ரி இசைக்குப் பெயர்போன நாஷ்வில் நகரின் லோயர் பிராட்வே தெருவில் மதியத்துக்கு முன்பே பார்களில் பாட்டு தொடங்கிவிடும். ஒரு குழு நான்கு மணி நேரம் வாசித்து இறங்கினால் அடுத்த குழு ஏறும். நள்ளிரவு தாண்டியும் இப்படியே போகும். மேடைச் சம்பளம் சொற்பம். பாட்டுக்கு நடுவே ஒரு வாளி கூட்டத்துக்குள் சுற்றி வரும். அதில் விழும் டாலரை நம்பித்தான் பலர் வாடகை கட்டுகிறார்கள். இந்த ஊரில் குடியேற்ற வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர் நான். ஆஸ்திரேலியா, கனடா, அயர்லாந்து என்று பல நாடுகளிலிருந்து கன்ட்ரி இசைக் கனவோடு வரும் பிள்ளைகளிடம் முதலில் அந்த வாளியைப் பற்றித்தான் கேட்பேன்.

"சம்பளமே வாங்கலை, டிப்ஸ் மட்டும்தான்" என்பார்கள். டிப்ஸும் வருமானம்தான். சுற்றுலா விசாவிலோ, சில நாட்டவர் விசா இல்லாமல் குறுகிய காலம் வர உதவும் எஸ்டா அனுமதியிலோ வந்தவர் அப்படி வாசித்தால் அது அனுமதியில்லாத வேலை. இலவசமாக வாசித்தாலும் தப்பிவிட்டதாக நினைக்கக் கூடாது. மற்றவர்கள் காசு வாங்கி வாசிக்கும் மேடை அது.

ஃபிடில் (வயலின்) வாசிக்கும் ஓர் இளைஞர் எஸ்டாவில் இரண்டாம் முறை வந்தபோது விமான நிலையத்தில் அதிகாரி அவருடைய போனை வாங்கிப் பார்த்தார். 'செவ்வாய்தோறும் இங்கேதான் வாசிக்கிறேன்' என்று பாரின் பெயரோடு அவரே போட்ட பதிவு அதில் இருந்தது. அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். எஸ்டாவில் வருபவர், தஞ்சம் கோரினால் தவிர, குடியேற்ற நீதிபதி முன் வாதாட முடியாது. அதிகாரியிடம் பொய் சொல்லியிருந்தால் வாழ்நாள் தடை வரை போயிருக்கும்.

வணிகப் பயணத்துக்கான பி-1 விசாவில் ஒரு வழி உண்டு. இங்குள்ள ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் அந்தப் பதிவு அமெரிக்காவுக்கு வெளியே மட்டுமே விற்கப்பட வேண்டும், பொது மேடை ஏறக் கூடாது.

இங்குள்ள பெல்மான்ட் போன்ற பல்கலைக்கழகத்தில் எஃப்-1 மாணவர் விசாவில் படிப்பவர்களுக்குப் படிப்பு முடிந்ததும், படித்த துறையில் வேலை செய்ய 12 மாத ஓபிடி அனுமதி கிடைக்கும். அதில் இசைக்கலைஞர்கள் பல இடங்களில் சிறு சிறு நிகழ்ச்சிகள் செய்யலாம். எந்த இடம், என்ன தேதி, எத்தனை மணி நேரம் என்று எல்லாவற்றையும் எழுதி வைப்பது கட்டாயம். வேலையில்லாத நாட்கள் 90ஐத் தாண்டக் கூடாது. இந்த ஓராண்டை வீணாக்காதீர்கள்.

ஏனென்றால் அடுத்த படியான, தனித்திறன் கொண்ட கலைஞர்களுக்கான ஓ-1பி விசாவுக்குத் திறமை மட்டும் போதாது, தாளில் சாட்சி வேண்டும்: பத்திரிகை விமர்சனங்கள், முக்கிய நிகழ்ச்சிகளில் முதன்மை இடம், துறையில் பெயர்பெற்றவர்களின் கடிதங்கள், இசைக்கலைஞர் சங்கத்தின் கருத்து. நீங்களே உங்களுக்காக மனு போட முடியாது. அமெரிக்க முதலாளியோ ஏஜென்டோ போட வேண்டும். முதலில் மூன்றாண்டு வரை கிடைக்கும். ஆஸ்திரேலியாவிலிருந்து 1992இல் இங்கு வந்த கன்ட்ரி பாடகர் கீத் அர்பனின் முதல் அமெரிக்கத் தனி ஆல்பம் வெளிவர 1999 ஆயிற்று. அத்தனை காலம் காத்திருக்க எத்தனை விசா வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வேறொன்று. மேனேஜர், பாடல் உரிமையை எழுதி வாங்கும் பதிப்பாளர், விசா மனுதாரர் மூவரும் ஒரே ஆளாக இருக்கும் ஏற்பாடு. "கையெழுத்துப் போடலைன்னா மனுவை வாபஸ் வாங்கிடுவேன்" என்ற மிரட்டலைக் கேட்டு, எழுதிய பாட்டையெல்லாம் தாரைவார்த்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மனுவைப் போடுவது வேறு ஏஜென்டாக இருக்கட்டும். விசா பேப்பரையும் பாடல் ஒப்பந்தத்தையும் ஒரே நாளில் நீட்டினால் இரண்டிலும் கையெழுத்திடாமல் எடுத்து வந்து, நீட்டியவரோடு தொடர்பில்லாத ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ஓ-1பியில் வேலை போனால் அன்றே ஊரைவிட்டு ஓட வேண்டியதில்லை. பொதுவாக 60 நாள் வரை அவகாசம் உண்டு, அதற்குள் வேறு ஏஜென்ட் மூலம் புது மனு போடலாம். முதலாளியே இடையில் நிறுத்தினால், ஊர் திரும்பும் பயணச் செலவும் அவர் தரப்புப் பொறுப்புதான்.