பிஎஸ்ஏ 11 என்றதும் அழத் தொடங்காதீர்கள்

இந்த மாதம் இது மூன்றாவது. வெள்ளவத்தையில் இருந்து ஒரு குடும்பமே வந்து இறங்கியது. 76 வயது ஐயாவைத் தவிர எல்லோருக்கும் கண் சிவந்திருந்தது. கனடாவில் உள்ள மகள் காசு கட்டி எடுப்பித்த 'முழு உடல் பரிசோதனை'. ரிப்போட்டில் பிஎஸ்ஏ 11.2, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. ஆண்களின் சலப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் உண்டோ என்று தேட இரத்தத்தில் அளக்கும் புரதம்தான் இந்தப் பிஎஸ்ஏ. "அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை டொக்டர்" என்று மகன் என் காதுக்குள் சொன்னார். அப்பாவோ, "சலக்கடுப்புக்குக் குடிச்ச மருந்து போன கிழமைதான் முடிஞ்சது" என்றார். இதை முதலே சொல்லியிருக்கக்கூடாதா? இரண்டு மாதம் கழித்து எடுத்தோம்: 3.4.

பிஎஸ்ஏ புற்றுநோய் சுரக்கும் நஞ்சு அல்ல. நல்ல புரோஸ்டேட்டும் அதைச் சுரக்கும். கிருமித் தொற்று, வயதோடு வரும் சாதாரண வீக்கம், சலம் போகக் கதீற்றர் குழாய் போட்டது, முதல்நாள் தாம்பத்திய உறவு, நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டம், எதுவும் அதை ஏற்றலாம். பிஎஸ்ஏ கூடியிருக்கும் நால்வரில் ஏறத்தாழ மூவருக்குப் புற்றுநோய் இராது. மறுபக்கமும் உண்டு. பிஎஸ்ஏ 4 அல்லது அதற்குக் கீழே, அதாவது வழமையில் "நோர்மல்" என்னும் அளவில், இருந்தவர்களுக்கு அமெரிக்காவில் பயொப்சி (ஊசியால் சிறு சதைத்துண்டு எடுத்துச் சோதிப்பது) செய்து பார்த்தார்கள். 15 வீதமானோரிடம் புற்றுநோய் இருந்தது. "நோர்மல்" என்று துள்ளிக் குதிப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

பலன் இல்லையா? இருக்கிறது. ஐரோப்பாவில் 23 வருடம் பின்தொடர்ந்த ஆய்வில், பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட 456 பேருக்கு ஒருவர் வீதம் இந்தப் புற்றுநோயால் சாகாமல் தப்பினார். அந்த ஒருவருக்காகக் கூடுதலாகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 12 பேர். அவர்களில் பலருக்கு நோய் ஆமை வேகம், ஆயுள் முழுக்கத் தொல்லையே தந்திராது. ஆனால் பெயரைக் கேட்டதும் "வெட்டி எறியுங்கோ டொக்டர்" என்பார்கள். வெட்டிய பிறகு சலம் கசிந்து பம்பேர்ஸ் கட்டுகிறவர்களையும், மனைவியோடு பேச்சுக் குறைந்துபோனவர்களையும் நான் பார்க்கிறேன்.

சரி, யார் எடுப்பது? 55 முதல் 69 வரை என்றால் மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள். அப்பா, அண்ணன், தம்பிக்கு இந்தப் புற்றுநோய் இருந்திருந்தால் 45இலேயே வந்து பேசுங்கள். 70 தாண்டி, தொல்லை ஒன்றும் இல்லாதவரை ஆய்வுகூடத்துக்கு இழுத்துப் போகாதீர்கள். சலத்தில் இரத்தம், சலம் அடைப்பு, விடாத முதுகெலும்பு வலி என்றால் கதை வேறு, எந்த வயதிலும் உடனே வாருங்கள். பிஎஸ்ஏ கூடியிருந்தால் திரும்ப எடுங்கள், பிறகு எம்ஆர்ஐ, பயொப்சி ஊசி அதற்கப்புறம்தான். தலைமுடிக்கோ புரோஸ்டேட் வீக்கத்துக்கோ பினஸ்டரைட் குடிப்பவர்கள் தயவுசெய்து மறைக்காதீர்கள், அது பிஎஸ்ஏயைப் பாதியாகக் குறைத்துக் காட்டும்.