காந்தம் ஒட்டவில்லையா? அதனால் அது 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆகிவிடாது

கடலோரக் கட்டடங்களின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடிகளில் செம்பழுப்புத் தேமல் படிந்த புகார் திரும்பத் திரும்ப வருகிறது. வாங்கும்போது காந்தம் வைத்தார்களாம், ஒட்டவில்லையாம், ஆகவே 304 என்ற நல்ல ரகம்தானாம். சோதித்தால் 202 என்ற மலிவு ரகம்.

காந்தம் காட்டுவது உலோகத்தின் படிக அமைப்பை. துருவைத் தாங்கும் திறனை அது காட்டாது. 304-இல் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. நிக்கல் விலை அதிகம் என்பதால் 201, 202 இரண்டிலும் அதைப் பாதியளவுக்குக் குறைத்து, மாங்கனீசும் நைட்ரஜனும் சேர்க்கிறார்கள். படிக அமைப்பு மாறாததால் இவற்றிலும் காந்தம் ஒட்டாது. மறுபக்கம், 430-இல் நன்றாகவே ஒட்டும். அதுவும் 16 முதல் 18 சதவீதம் குரோமியம் உள்ள அசல் ஸ்டெயின்லெஸ்தான், வீட்டுக்குள் ஈரம் தங்காத இடங்களுக்குப் போதும். அசல் 304 தகட்டையே வளைத்தாலோ ஆழமாக அழுத்தி வடிவமெடுத்தாலோ அந்த மூலைகளில் காந்தம் லேசாக இழுக்கும். அதைப் பார்த்து நல்ல சரக்கைத் திருப்பி அனுப்பாதீர்கள்!

உப்புக்காற்று, நீச்சல்குளம் என்றால் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உள்ள 316 வாங்குங்கள். தகடு 316, போல்ட் மட்டும் 304 என்று மிச்சம் பிடிக்க வேண்டாம். தேங்கிய கடல்நீரில், கேஸ்கெட் இடுக்குகளில் 316-உம் அரிக்கும். கத்திக்கு 420, கூர்மைக்காகக் கடினப்படுத்திய ரகம் அது, ஈரத்தோடு போட்டுவைத்தால் துரு வரத்தான் செய்யும்.

வெல்டிங் செய்பவர்களே, தடித்த தகட்டுக்கு 304எல் (கார்பன் குறைந்த 304), வெல்டிங் கம்பி 308எல். சாதா இரும்போடு இணைக்க 309எல் கம்பி. இரும்பில் ஓடிய கிரைண்டிங் வீலையும் வயர் பிரஷையும் ஸ்டெயின்லெஸில் வைக்கவே வைக்காதீர்கள். ஒட்டிக்கொள்ளும் இரும்புத் துகள்தான் முதலில் துருப்பிடிக்கும். வெல்டிங் ஓரத்து நீலக் கறையைப் பிக்கிளிங் பேஸ்ட் போட்டு நீக்குங்கள். அதில் பெரும்பாலும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும். அமிலம் தாங்கும் கையுறை, முகக்கவசம் இல்லாமல் தொடவே கூடாது.

வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிளீச்சிங், ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டும் எந்த ரகத்திலும் குழி போடும். சோப்புநீரே போதும், பிறகு நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிடுங்கள்.

பெரிய அளவில் வாங்கினால் ஆலைச் சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். அதிலுள்ள ஹீட் நம்பர் (எந்த உருக்குத் தொகுதியில் வந்தது என்று காட்டும் எண்) தகட்டில் அச்சிட்ட எண்ணோடு பொருந்த வேண்டும். கையடக்க எக்ஸ்ரே கருவி நிக்கல், மாங்கனீசு, மாலிப்டினம் அளவைச் சொல்லிவிடும். கார்பன் மட்டும் அதன் கண்ணில் படாது. ஆகவே 304எல் கேட்டிருந்தால் சான்றிதழில் கார்பன் 0.03 சதவீதத்தைத் தாண்டவில்லையா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.