காலநிலை மாற்றமா, பருவநிலை மாற்றமா?

மாலையில் அரைமணி நேரம் மழை. இரவுச் செய்தியில் "பருவநிலை மாற்றத்தால் மழை" என்றார்கள். அந்த மழைக்கு வானிலை என்ற சொல்லே போதும். பருவநிலை மாற்றம் என்பதோ எதற்குமே பொருந்தாத சொல்.

ஆங்கிலத்தின் 'கிளைமேட் சேஞ்ச்' என்பதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். கிளைமேட் என்பதன் வேர் கிரேக்கத்தின் கிளிமா, அதாவது சரிவு. வெயில் எங்கே எவ்வளவு சாய்ந்து விழுகிறது என்று பார்த்து நிலத்தைப் பிரித்திருக்கிறார்கள். இன்றைய பொருள், ஓரிடத்தின் வானிலையைப் பல்லாண்டு, வழக்கமாக 30 ஆண்டு, சேர்த்துப் பார்த்த நிலை. அதற்குத் தமிழ் காலநிலை.

சரி, பருவம் என்றால்? கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆண்டுக்கு ஆறு. மாறிமாறி வருவதால்தான் அது பருவம். 'பருவநிலை மாற்றம்' என்று கேட்கும் விவசாயி, "பருவம் மாறத்தானே செய்யும்" என்று நகர்ந்துவிடுவார். ஆபத்தைச் சொல்ல வேண்டிய சொல்லே ஆபத்தை மறைக்கிறது.

"பருவமழை தப்புகிறதே, அதைத்தான் சொல்கிறோம்" என்பார்கள். அது விளைவுகளில் ஒன்று. காய்ச்சலுக்கு நடுக்கம் என்று பெயர் வைக்கலாமா? 2022 மார்ச்சில், 1901 முதல் உள்ள பதிவுகளில் எந்த மார்ச்சிலும் இந்தியா காணாத வெப்பம். பஞ்சாப், ஹரியானாவில் பால் பிடிக்கும் நேரத்தில் கோதுமை மணி சுருங்கியது. மே மாதம் அரசு கோதுமை ஏற்றுமதியையே தடை செய்தது. எந்தப் பருவம் மாறியது? பங்குனி பங்குனியில்தான் வந்தது. வெப்பம்தான் ஏறியிருந்தது.

இயற்கையும் காலநிலையை அசைக்கும். 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே சரியாக வரவில்லை. விளைச்சல் பொய்த்து, தானிய விலை ஏறியது. ஆனால் அது சில ஆண்டுகளில் அடங்கியது. நாம் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து, காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடை 420க்கு மேல் ஏற்றியிருக்கிறோம். இது அப்படி அடங்காது. இந்த இரண்டையும் தாங்கும் சொல் காலநிலைதான்.

காலம் வடசொல் என்று தள்ளுவோரும் உண்டு. பருவத்தையும் 'பர்வன்' என்ற வடசொல்லோடு சேர்க்கும் அகராதிகள் இருக்கின்றனவே! தட்பவெப்பநிலை என்று சொல்லலாமா? அதில் மழைக்கும் காற்றுக்கும் இடமில்லை.

தமிழக அரசுத் துறையின் பெயரிலேயே காலநிலை மாற்றம் இருக்கிறது. அந்தத் துறையைப் பற்றிய செய்தியை மொழிபெயர்ப்பவர் தலைப்பில் காலநிலை என்கிறார், உள்ளே பருவநிலை என்கிறார். படிக்கிற பிள்ளை இரண்டும் வேறுவேறு என்று எழுதி வைத்துக்கொள்கிறது.